தகர டிரம்மில் பிறந்த மேளம்

கோபிநத்தத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. வன அதிகாரி சீனிவாஸ் முன்னின்று, ஊர் மக்களோடு சேர்ந்து கட்டிய கோயில் அது. 1991-ல் வீரப்பன் அவரைக் கொன்றான். கோயிலை ஊர் மறக்கவில்லை.

இதே மாரியம்மனைக் கடல் தாண்டியும் கும்பிடுகிறார்கள். அமெரிக்காவுக்குப் பக்கத்தில் கரீபியன் கடல் இருக்கிறது. அதில் நிறையத் தீவுகள். குவாதலூப் என்பது ஒரு தீவு. 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து ஜனங்களைக் கப்பலில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். கரும்புத் தோட்ட வேலை. ஐந்து வருட ஒப்பந்தம். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கப் பலருக்குத் தெரியாது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அவர்களுடைய வாரிசுகள் இன்று பிரெஞ்சு பேசுகிறார்கள். தமிழ் போய்விட்டது. ஆனால் மாரியம்மனை 'மாலியேமன்' என்று கூப்பிடுகிறார்கள். சாமிக்கு என்ன மேளம் அடிக்கிறார்கள்? தப்பு! பெயர்கூட மாறவில்லை.

தெற்கே டிரினிடாட் என்று இன்னொரு தீவு. அங்கே பெரிய கொண்டாட்டம் கார்னிவல். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் முன்பு, திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தெருவெல்லாம் வேஷம், ஆட்டம், பாட்டு. அதற்கு முந்திய சனிக்கிழமை பிள்ளைகளுக்கு.

ஒரு சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். வயது எட்டு. பல வாரங்களுக்கு முன்பே அவள் தயாராகிறாள். அம்மா கம்பியை வளைத்து இறக்கை செய்கிறாள். பிள்ளை அதன் மேல் துணி ஒட்டி, ஜிகினா தூவுகிறாள். கையெல்லாம் பசை. சாயங்காலம் மரக்கால் பழக்கம். முதலில் குட்டைக் கட்டை. விழுந்து எழுந்து, பயம் போன பிறகு உயரமான கட்டை. நம் பக்கத்துப் பொய்க்கால் ஆட்டம் மாதிரிதான். அந்த வேஷத்துக்கு 'மோகோ ஜம்பி' என்று பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து கடலிலேயே நடந்து வந்து, தன் ஜனங்களைக் காக்கிற நெட்டைச் சாமி என்று கதை சொல்கிறார்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து ஏன் வரவேண்டும்? அந்த ஜனங்களை அடிமைகளாகப் பிடித்து வந்திருந்தார்கள். முதலாளிகள் மாளிகைக்குள் முகமூடி போட்டு ஆடினார்கள். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. 1838-ல் முழு விடுதலை கிடைத்தது. உடனே அவர்கள் தீப்பந்தமும் மேளமுமாகத் தெருவுக்கு வந்தார்கள். தெரு அவர்களுடையது ஆனது.

வெள்ளைக்கார அரசுக்கு அது பொறுக்கவில்லை. 1881-ல் போலீஸ் தடுத்தது, அடிதடி நடந்தது. 1884-ல் சட்டமே வந்துவிட்டது. கார்னிவலில் பந்தம் கூடாது, மேளம் கூடாது. அதே வருடம் சான் பெர்னாண்டோ நகரத்தில் இந்தியத் தொழிலாளிகள் மொகரம் ஊர்வலம் போனார்கள். முஸ்லிம்களோடு இந்துக்களும் சேர்ந்து போன ஊர்வலம். போலீஸ் சுட்டது. குறைந்தது 16 பேர் செத்தார்கள். கூலி ஜனங்கள் கூட்டமாகச் சேர்ந்தாலே அந்த அரசுக்குப் பயம்.

மேளம்தானே கூடாது? மூங்கிலை வெட்டினார்கள். கனமான மூங்கிலைத் தரையில் குத்தினால் 'தொம்' என்று ஒலிக்கும். சின்னதை ஒன்றோடு ஒன்று தட்டினால் 'டக் டக்'. இப்படியே பல வருடம் ஓடியது. 1930-களில் பிஸ்கட் டின், குப்பைத் தொட்டி மூடி என்று கைக்குக் கிடைத்ததைத் தட்டினார்கள். ஒரு தகரத்தில் அடிபட்டுக் குழிந்த இடம் ஒரு சத்தம், மேடான இடம் வேறு சத்தம்! இதை யாரோ ஏழைப் பையன்கள் கவனித்திருக்கிறார்கள்.

டிரினிடாட்டில் எண்ணெய்க் கிணறுகள் உண்டு. அதனால் காலி டிரம்முக்குப் பஞ்சமில்லை. டிரம்மின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் அடித்துக் கிண்ணம்போலக் குழிக்கிறார்கள். அதற்குள் வட்டம் வட்டமாகத் தட்டி, நெருப்பில் சுட்டு, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு சுரம் சேர்க்கிறார்கள். கொஞ்சம் அதிகமாகத் தட்டினாலும் சுரம் கெட்டுவிடும். காது நன்றாக இருக்கவேண்டும். நுனியில் ரப்பர் சுற்றிய குச்சியால் வாசிக்கிறார்கள். இதுதான் 'ஸ்டீல் பேன்'.

ஆரம்பத்தில் இதையும் ரவுடிகள் வாத்தியம் என்றார்கள். பெற்றோர் பிள்ளைகளை அடித்து விரட்டினார்கள். 1992-ல் அதுவே நாட்டின் தேசிய வாத்தியம் ஆனது. 2023-ல் ஐக்கிய நாடுகள் சபை ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல் பேன் நாளாக அறிவித்தது.

சனிக்கிழமை காலை வந்துவிட்டது. சிறுமி திண்ணை உயரத்தில் உட்கார்ந்து மரக்காலைக் கட்டிக்கொள்கிறாள். அப்பா இறக்கையை மாட்டிவிடுகிறார். தூரத்தில் தகர மேளம் கேட்கிறது. "போகலாமா?" என்கிறார். அவள் எழுந்து நிற்கிறாள். இப்போது அப்பா அண்ணாந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

பேசிப் பாருங்கள்: உங்கள் ஊர்த் திருவிழாவில் யார் மேளம் அடிக்கிறார்கள்? அவர்களுக்கு ஊரில் என்ன மரியாதை? அடிக்கும் மேளத்தின் பெயரை எழுதுங்கள்.