களிம்பு தடவினால் ஒளு கூடுமா?



சென்ற மாதம் நம் டிரஸ்ட்டின் மருத்துவ உதவி நாளில் ஒரு தாய் வந்திருந்தார். வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைப்பவர். சர்க்கரை நோயும் உண்டு. கைகளில் வெடிப்பு, குதிகால் பிளவில் சீழ். டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பு இரண்டு மாதமாகத் திறக்கப்படாமலே இருந்திருக்கிறது. காரணம் கேட்டோம். “களிம்பு தடவினா ஒளு கூடாதுன்னு சொன்னாங்க. தொழுகையை விட முடியுமா?” என்றார்.

அவருடைய பேணுதலை மதிக்கிறோம். ஆனால் அவர் கேள்விப்பட்ட செய்தி தவறு. இதே சந்தேகம் பல வீடுகளில் இருப்பதால் இங்கே விளக்குகிறோம்.

அடிப்படை என்ன?

ஒளுவில் கழுவவேண்டிய உறுப்புகளின் தோலில் தண்ணீர் பட்டாக வேண்டும். குதிகால் நனையாமல் அவசரமாக ஒளுச் செய்தவர்களை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள். ஆகவே தண்ணீரைத் தடுக்கும் படலம் இருக்கக்கூடாது. காய்ந்தபின் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஏடாகவோ பொருக்காகவோ உரிந்து வந்தால் அது தடை. தோலில் ஊறி, பிசுபிசுப்போ நிறமோ மட்டும் மிஞ்சினால் தடை இல்லை.

தேங்காய் எண்ணெய், கிரீம், களிம்பு?

தடை இல்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டாலும் தோலில் பட்டு ஓடினால் போதும். வாசலின், மெழுகு சேர்ந்த வெடிப்பு மருந்து போன்றவை கெட்டியாக அப்பியிருந்தால் துணியால் துடைத்துவிட்டு ஒளுச் செய்யுங்கள்.

மருதாணி?

சிவந்த நிறம் தடை அல்ல. காய்ந்து ஒட்டியிருக்கும் விழுது தடை. உதிர்த்துக் கழுவிவிட வேண்டும்.

நெயில் பாலிஷ்?

காய்ந்தால் ஏடாகிவிடும். நீக்கிய பிறகே ஒளு.

பரோட்டா மாவு, பெயிண்ட், பசை?

மூன்றும் காய்ந்தால் தடையே. மாவை வெந்நீரில் ஊறவைத்தால் இளகும். ஆயில் பெயிண்ட் மீது சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போடுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் வேண்டாம், தோலைப் புண்ணாக்கும். வேலைக்கு முன்பே கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் எளிதில் போய்விடும். சுரண்டினால் இரத்தம் வரும் என்ற நிலையில் உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள்.

புண்ணில் கட்டு இருந்தால்?

தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் கட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. மற்ற இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் மஸ்ஹு செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபில் இதோடு தயம்மும் செய்வதும் உண்டு. ஒளுவைக் கடமையாக்கும் அல்மாயிதா அத்தியாயத்தின் 6-ஆம் வசனமே நோயாளிக்குத் தயம்மும் சலுகையையும் தருகிறது.

எப்போது தடவுவது?

ஒளுச் செய்து, ஒற்றித் துடைத்து, தோலில் ஈரப்பதம் இருக்கும்போதே தடவுங்கள். அந்த ஈரத்தை களிம்பு உள்ளே பிடித்து வைக்கும்; முழுக்கக் காய்ந்த தோலில் தடவுவதைவிட நன்றாகப் பலன் தரும். இரவில் கொஞ்சம் தாராளமாகத் தடவி, காலுக்கு பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

கால்விரல் இடுக்கில் மட்டும் களிம்பு வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். ஒவ்வொரு ஒளுவுக்குப் பிறகும் துடைத்து உலரவிடுங்கள். பாத்திரம் துலக்குபவர்கள் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி மரத்துப்போன காலில் புண் வந்தது தெரியாது. வெடிப்பை பிளேடால் சீவாதீர்கள். சீழ், வீக்கம், கருத்த நிறம் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அரிப்புக்கும் படர்தாமரைக்கும் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு உடனே அடங்கும். படர்தாமரையோ மேலும் பரவும், தோலும் மெலியும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

அந்தத் தாயை அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார்கள். இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் விரலை எடுக்க நேர்ந்திருக்கும் என்றார் டாக்டர். அல்ஹம்துலில்லாஹ், இப்போது புண் ஆறி வருகிறது. ஐந்து வேளையும் தொழுகிறார், களிம்பும் தடவுகிறார்.

யாராவது “மார்க்கத்தில் கூடாது” என்று சொன்னதற்காக மருந்தை நிறுத்துமுன், ஓர் ஆலிமிடமும் உங்கள் டாக்டரிடமும் கேளுங்கள். நேரில் கேட்கக் கூச்சப்படும் சகோதரிகள் நம் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், விடை பெற்றுத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

– செயலாளர்