கேமரா சொல்லும் டிகிரி

அன்புள்ள கயல்விழிக்கு,

கல்லூரி லேபில் பழைய கினெக்ட் கேமரா ஒன்று சும்மா கிடக்கிறது, அதை வைத்துத் தோள் அசைவை அளந்து புராஜெக்ட் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய். ஆனால் அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்று தெரிந்துகொண்டு ஆரம்பி.

2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக்காகத்தான் விற்பனைக்கு விட்டது. நம் பிசியோதெரபி துறைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் விலை. உடம்பெங்கும் பளபளக்கும் சிறு பந்துகளை ஒட்டி, சுற்றிலும் பல கேமராக்கள் வைத்து அளக்கும் கூடம் எத்தனை ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகும்? இதற்கு எதையும் ஒட்ட வேண்டாம், எதிரே நின்றால் போதும். அகச்சிவப்புப் புள்ளிகளை நோயாளி மேல் வீசி, அவை எவ்வளவு விலகி விழுகின்றன என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிடும். 2013-ல் வந்த இரண்டாம் மாடல், ஒளி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு அதே வேலையைச் செய்தது. முதல் மாடல் 20 மூட்டுகளைக் காட்டும், இரண்டாவது 25.

காட்டும் என்றுதான் சொன்னேன், பார்க்கும் என்று சொல்லவில்லை. எலும்பு அதற்குத் தெரியாது. ஏராளமான உடல் படங்களைக் காட்டிப் பழக்கியிருப்பதால், இந்தப் பகுதி தோள், இது முழங்கை என்று ஊகித்து ஒரு புள்ளி வைக்கிறது. தொளதொளப்பான உடையில் அந்தப் புள்ளி நகரும். சேலைக்குள் இருக்கும் முழங்காலை அது எங்கே தேடும்? முதல் மாடல் என்றால், ஜன்னல் வழியே நேர் வெயில் விழுந்தாலே தடுமாறிவிடும்.

புள்ளி நகர்ந்தால் என்ன ஆகும் என்று நீயே போட்டுப் பார். முழங்காலிலிருந்து கணுக்கால் 40 செ.மீ. கணுக்கால் புள்ளி 3 செ.மீ. பக்கவாட்டில் தள்ளி விழுந்தால் கோணத்தில் 4 டிகிரிக்கு மேல் பிசகும். உள்ளங்கை மாதிரி 8 செ.மீ. நீளமுள்ள இடத்தில் 1 செ.மீ. பிசகினாலே 7 டிகிரி போச்சு. ஆகவே தோள், இடுப்பு, முழங்கால் சரி; விரல்களுக்கு இதை நம்பாதே.

இன்னொரு குழி. இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூன்று புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டால் நேராக நீட்டிய காலுக்கு 180 வரும். நம் கேஸ் ஷீட்டில் அதுதான் 0. மடக்கம் வேண்டுமென்றால் 180-லிருந்து கழிக்க வேண்டும். 90-ல் மட்டும் இரண்டும் ஒன்றாகவே வரும். காலை 90-க்கு மடக்கி மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று விட்டால், தப்பு கடைசி வரை தெரியாது.

உன் புராஜெக்ட் தோள் என்பதால் இதைக் கவனமாகப் படி. தோள் இறுகிய நோயாளியிடம் வலது கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னால், கை வராது, உடம்பு இடப்பக்கம் சாயும். தோள்பட்டையும் காதை நோக்கி ஏறும். தரைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால் கை 120 டிகிரி ஏறியதாகத் தெரியும். உடம்பு 25 டிகிரி சாய்ந்திருந்தால் உடம்புக்கும் கைக்கும் இடையே 95-தான். நோயாளிக்குச் சந்தோஷம், நமக்கு ஏமாற்றம். மூட்டுக் கோணத்தைக் கையால் அளக்கும் கோனியோமீட்டரைப் பிடிக்கும்போது நம் கண் அந்தச் சாய்வைப் பிடித்துவிடும், ‘நேரா நில்லுங்கம்மா’ என்று வாய் தானாகச் சொல்லும். கேமரா சொல்லாது. எனவே செங்குத்துக் கோட்டை விட்டுவிட்டு உடம்பின் கோட்டிலிருந்து அளக்கும்படி கணக்கை அமை; சாய்வைத் தனி எண்ணாகவும் எழுதி வை. என்னைக் கேட்டால் அந்தச் சாய்வு எண்தான் இந்தக் கருவி தரும் உருப்படியான லாபம். கையால் அளக்கும் நாம் அதைக் குறித்து வைப்பது அபூர்வம்.

கை தன் அச்சில் சுழல்வதை மட்டும் இதனிடம் கேட்காதே. நீட்டிய கை உள்ளே திரும்பினாலும் வெளியே திரும்பினாலும் தோள், முழங்கை, மணிக்கட்டுப் புள்ளிகள் அசையாமல் அதே இடத்தில்தான் நிற்கும். தோள் இறுக்கத்தில் வெளிச்சுழற்சிதான் மோசமாகக் குறையும் என்று உனக்குத் தெரியுமே, அதற்குக் கோனியோமீட்டர்தான்.

கேமராவின் உயரம், நோயாளி நிற்கும் தூரம், உடை மூன்றையும் மாற்றாதே. தரையில் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள். ஒருவரின் போன வார எண்ணையும் இந்த வார எண்ணையும் ஒப்பிடத்தான் இது உதவும். தோள் உயர்வுக்குப் பாடப்புத்தகம் சொல்லும் 180-ஓடு மோதவிடாதே.

முதலில் உன் வகுப்புத் தோழிகளிடம், ஒரே அசைவைக் கையாலும் கேமராவாலும் அளந்து பார். கையால் அளப்பவளுக்குத் திரை தெரியக் கூடாது. அந்த அட்டவணையை எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டு நோயாளிகளிடம் போகலாமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா