பிரெட் மெஷின் வாங்கினால் மிச்சமா?

கேள்வி: வீட்டிலேயே மெஷினில் பிரெட் சுட்டால் செலவு குறையுமா?
– வாசகி, மதுரை

பதில்: எத்தனை பிரெட் தீர்கிறது என்பதைப் பொறுத்தது. 500 கிராம் மைதா, 300 மி.லி. தண்ணீர், ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், கொஞ்சம் உப்பு, சர்க்கரை, எண்ணெய் போட்டால் முக்கால் கிலோ பிரெட் கிடைக்கும். கரண்ட் அரை யூனிட் போல ஆகும். கடை விலையோடு ஒப்பிட்டால் பிரெட்டுக்கு 30 ரூபாய் மிச்சம் என்று வையுங்கள். 9,000 ரூபாய் மெஷினின் விலையை எடுக்க 300 பிரெட் சுட வேண்டும். தினம் ஒன்று தீரும் கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே வருடம். வாரம் இரண்டு என்றால் மூன்று வருடம்.

பிசையும்போது மூடியைத் திறந்து தொட்டுப் பாருங்கள். மாவு சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, விரலில் லேசாக ஒட்ட வேண்டும். கோதுமை மாவென்றால் தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும்.

ஒரு மாதம் கையால் பிசைந்து அவனில் சுட்டுப் பாருங்கள். பழக்கம் நிலைத்தால் மட்டும் மெஷின் வாங்குங்கள்.