வெந்நீரில் வேகும் முட்டை
சென்னை இருப்புப்பாதை பெங்களூருக்கும் சேலத்துக்கும் பிரியும் ஜோலார்பேட்டையில், வீட்டுக் கோழி அன்று இட்ட முட்டையும் கடையில் பல நாள் இருந்த முட்டையும் ஒரே அடுக்களைக்கு வருதல் உண்டு. இரண்டையும் ஓடு நீக்கி வெந்நீரில் இட்டால், முன்னது வெண்தாமரை மொட்டுப்போல் திரண்டு நிற்கும். பின்னது நூல் நூலாகப் பிரிந்து வீணாகும். காரணம் யாது? ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமிலவாயு நாள்தோறும் வெளியேற, கெட்டியான வெண்கரு இளகி நீர்த்துவிடுகிறது. அவ்வாறு நீர்த்த பகுதியே நூலாவது. ஆகவே உடைத்த முட்டையை முதலில் வடிகட்டியில் ஊற்றி, அந்நீரை வடித்தல் வேண்டும். அடுப்பிலுள்ள நீரும் தளதளவெனக் கொதித்தலாகாது. வெண்கரு ஏறத்தாழ 62 டிகிரி சென்டிகிரேடிலேயே உறையத் தொடங்குமாதலின், கொதி அடங்கிய வெந்நீரில் மூன்று நான்கு நிமிடம் போதும். சிலர் காடி சேர்ப்பர். உறைதல் விரையும், புளிப்பும் ஏறும். சில நாள் சென்ற முட்டையை ஓட்டோடு அவித்தலே நன்று. அதன் ஓடு எளிதில் உரியும்.