250 வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் கான்டாக்டர் அதிர்வது ஏன்?

கேள்வி: எங்கள் ஃபவுண்டரியில் 75 எச்.பி. கம்ப்ரஸர் ஒன்று ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓடுகிறது. அதே பேனலில் பத்து சிறிய கான்டாக்டர்களும் பத்து எல்.இ.டி. விளக்குகளும் உள்ளன. கன்ட்ரோல் சப்ளை 110 வோல்ட். எல்லாக் காயில்கள், விளக்குகளின் வி.ஏ.வையும் கூட்டினால் 160தான் வருகிறது. தாராளமாக இருக்கட்டும் என்று உள்ளூரில் சுற்றிய 250 வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினோம். ஆனால் கம்ப்ரஸரை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் எல்லாக் கான்டாக்டர்களும் படபடவென்று அடிக்கின்றன. பெரிய கான்டாக்டரின் கான்டாக்ட் இரண்டு முறை ஒட்டிக்கொண்டுவிட்டது. கான்டாக்டர் கம்பெனியை மாற்றுவதா, டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கான்டாக்டர் கம்பெனியை மாற்ற வேண்டாம். ஒரே ஒரு கான்டாக்டர் மட்டும் எந்நேரமும் உறுமிக்கொண்டிருந்தால், அதன் ஷேடிங் ரிங் உடைந்திருக்கலாம், அல்லது காந்த முகத்தில் துருவோ தூசியோ படிந்திருக்கலாம். உங்கள் பேனலில் எல்லாம் சேர்ந்து அடிக்கின்றன, அதுவும் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் மட்டும். இது வோல்டேஜ் இறங்குவதன் அடையாளம். அடிக்கும் ஒவ்வொரு முறையும் கான்டாக்ட் திறந்து மூடி நெருப்பு பறக்கிறது, அதனால்தான் ஒட்டிக்கொள்கிறது.

நீங்கள் கூட்டிய 160 வி.ஏ., கான்டாக்டர்கள் இழுத்து முடித்த பிறகு பிடித்து நிற்க வேண்டிய அளவு. இழுக்கும் கணத்தின் கணக்கு வேறு. ஆர்மேச்சர் திறந்திருக்கும்போது நடுவில் காற்று இடைவெளி இருப்பதால் காயிலின் இண்டக்டன்ஸ் குறைவு. கரண்ட் பல மடங்கு பாயும். ஏ.சி. காயில்களில் இழுப்பு வி.ஏ., பிடிப்பு வி.ஏ.வைப் போல ஆறு முதல் பத்து மடங்கு, பெரிய அளவுகளில் அதற்கு மேலும் இருக்கும். கேட்டலாக்கில் இரண்டும் தனித்தனியே போட்டிருப்பார்கள்.

ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பின்பற்றும் எளிய கணக்கு ஒன்று உண்டு. பிடிப்பு வி.ஏ. மொத்தம், விளக்குகள், ஆகப் பெரிய ஒரு கான்டாக்டரின் இழுப்பு வி.ஏ. மூன்றையும் கூட்டி 0.8-ஆல் பெருக்க வேண்டும். உங்கள் பெரிய கான்டாக்டரின் இழுப்பு 300 வி.ஏ. என்று வைத்துக்கொண்டால், 160-உம் 300-உம் சேர்ந்து 460, அதில் 0.8 பங்கு 368 வி.ஏ. இது 0.5 பவர் ஃபேக்டரில் கணநேரத்துக்குத் தேவைப்படும் அளவு. உங்கள் ஸ்டார்ட்டரில் ஸ்டார், மெயின் இரண்டும் ஒரே கணத்தில் இழுப்பதாக வயரிங் இருந்தால் இரண்டின் இழுப்பையும் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் 250 வி.ஏ. போதாதா? முறையான கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் போதும். பிளேட்டில் உள்ள 250 தொடர்ந்து தரக்கூடிய அளவு. ஐ.இ.சி. 61558-2-2 தரத்தில் செய்தவை, வோல்டேஜ் 5 சதவீதத்துக்கு மேல் இறங்காமல் கணநேரத்தில் எவ்வளவு வி.ஏ. தரும் என்பதையும் சொல்லும். சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் இரும்புப் பட்டை குறைவாகவும் கம்பி மெல்லியதாகவும் இருந்தால், அதே 250 வி.ஏ. இழுப்பு நேரத்தில் துவண்டுவிடும்.

இதோடு லைன் வோல்டேஜும் சேர்கிறது. கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போது 415 வோல்ட் 375 ஆக இறங்குகிறது என்று வைப்போம். டிரான்ஸ்ஃபார்மர் தன் பங்குக்கு 5 சதவீதம் இறக்கினால் காயிலுக்கு ஏறக்குறைய 94 வோல்ட் கிடைக்கும். 10 சதவீதம் இறக்கினால் 89 வோல்ட்தான். ஐ.இ.சி. 60947-4-1 தரப்படி கான்டாக்டர் 85 முதல் 110 சதவீத வோல்டேஜுக்குள் இழுக்க வேண்டும். 110 வோல்ட் காயிலுக்கு அந்தக் கீழ் எல்லை 93.5 வோல்ட். ஒன்று எல்லைக்குள் நூலிழையில் நிற்கிறது, மற்றது நிற்கவில்லை.

சிலர் பிரைமரி லைனை 380 வோல்ட் டேப்பிங்குக்கு மாற்றிச் சமாளிப்பார்கள். பகலில் சரியாகிவிட்டது போலத் தோன்றும். இரவில் லோடு குறைந்து லைன் 440-க்கு ஏறினால் காயிலுக்கு 127 வோல்ட் போகும். மேல் எல்லையே 121. காயில் கருகும். 1000 வி.ஏ. வாங்கிப் போடுவதும் தீர்வல்ல. ஆன் செய்யும்போது அது இழுக்கும் கரண்ட் அதிகம், ஷார்ட் ஆனால் பாயும் கரண்டும் அதிகம், லோடு குறைவாக இருக்கையில் வோல்டேஜ் 110-ஐத் தாண்டி நிற்கும்.

வயரிங்கில் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். பிரைமரியை இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே கொடுங்கள். நியூட்ரல் அறுந்தாலும் கன்ட்ரோலுக்குப் பாதிப்பில்லை. செகண்டரியின் ஒரு முனையை எர்த் செய்து, எல்லாக் காயில்களின் ஒரு முனையையும் நேராக அதில் சேருங்கள். ஃபியூஸ், புஷ் பட்டன், ரிலே கான்டாக்ட் எல்லாம் மறு முனையில் வர வேண்டும். அப்போதுதான் எங்காவது வயர் பாடியில் தொட்டால் ஃபியூஸ் போகும். எர்த் செய்யாமல் விட்டால் முதல் பழுது வெளியே தெரியாது. இரண்டாவது பழுது வரும்போது ஸ்டாப் பட்டனை அழுத்தியும் மெஷின் நிற்காத நிலை வரலாம். பிரைமரியில் ஓடுவது 0.6 ஆம்பியர்தான் என்றாலும் ஆன் செய்யும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். சி கர்வ் எம்.சி.பி. காரணமில்லாமல் ட்ரிப் ஆனால் டி கர்வ் போடுங்கள். ஃபவுண்டரி பேனலுக்குள் கோடையில் 50 டிகிரி எளிதில் வரும். 40 டிகிரிக்குக் கணக்கிட்ட டிரான்ஸ்ஃபார்மர் அங்கே முழு வி.ஏ.வைத் தராது.

புதிதாக வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். மினிமம்-மேக்ஸிமம் பதிவு செய்யும் மல்டிமீட்டரைப் பெரிய கான்டாக்டரின் ஏ1, ஏ2 முனைகளில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு பிரைமரியிலும் அதே போல எடுங்கள். பிரைமரி 375-க்கும் கீழே போனால் குற்றம் டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் இல்லை. மெயின் கேபிளையும் சப்ளையையும் பாருங்கள். பிரைமரி நின்று செகண்டரி மட்டும் சரிந்தால் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுங்கள்.

ஆர்டரில் வெறும் '250 வி.ஏ.' என்று எழுத வேண்டாம். '415/110 வோல்ட், காப்பர் வைண்டிங், 0.5 பவர் ஃபேக்டரில் கணநேரத்துக்கு 370 வி.ஏ., இறக்கம் 5 சதவீதத்துக்குள், 50 டிகிரி சுற்றுப்புறம்' என்று எழுதுங்கள். 370 என்பது உங்கள் கேட்டலாக் எண்ணுக்கு ஏற்ப மாறும். இதை எழுத்தில் தர முடியாதவரிடம்தான் வாங்க வேண்டியிருந்தால் 500 வி.ஏ.வாக வாங்குங்கள்.