குழுத் தலைவியா? பையை இறக்கி வையுங்கள்!

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தமிழக அரசு தொடங்கிவைத்த மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் உண்டு. பல குழுக்களில் தீர்மான நோட்டு, பாஸ்புக், கடன் கணக்கு எல்லாமே தலைவியான ஊக்குநர் அக்காவின் பைக்குள்தான். அவருக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் கூட்டமே இல்லை.

அதனால் வேலைகளைப் பகிர்ந்து கொடுங்கள். ஓர் உறுப்பினரிடம் வேலையை ஒப்படைக்கும்போது "நீ பாத்துக்கோடி" என்றால் போதாது. எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும், எதுவரை தானே முடிவெடுக்கலாம் என்பதைச் சொல்லிவிடுங்கள். வங்கிக்கு முதல் தடவை அவர்கூடப் போங்கள். சலானை அவரே நிரப்பட்டும், தப்பானால் இன்னொரு தாள் கிடைக்காமலா போகும்? அடுத்த மாதம் நீங்கள் வீட்டிலேயே இருங்கள். நோட்டு எழுதுவதை மாற்றி மாற்றிக் கொடுங்கள். கையெழுத்து கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கூட்டல் சரியா என்று மட்டும் பாருங்கள்.

கூட்டம் முடிந்த இரவில் யோசியுங்கள்: இன்று வாயே திறக்காதவர் யார்? நான் குறுக்கே பேசியதாலா?

உறுப்பினர்களுக்கும் ஒரு கேள்வி: முடியாத வேலையை முடியாது என்று முன்கூட்டியே சொன்னோமா, கடைசி நாள்வரை மழுப்பினோமா? (மழுப்புகிறவர் இல்லாத குழு ஏது!) மழுப்பலைத் தவிர்க்க வழி, கூட்டம் கலையும் முன்பே யார், என்ன, எப்போது என்று எழுதி, எல்லார் காதிலும் விழ வாசித்துவிடுவது.