தொலைவிலிருந்து வரும் கோழிக்குஞ்சுகள்

முட்டையினின்று வெளிவருமுன் குஞ்சு மஞ்சட்கருவைத் தன் வயிற்றினுள் இழுத்துக்கொள்ளுகிறது. அவ்வாகாரம் சுமார் 72 மணி நேரம் உயிரைத் தாங்கும். இதனை நம்பியே அமெரிக்கத் தபால் இலாகா 1918-இல் குஞ்சுப் பெட்டிகளை ஏற்கத் தொடங்கியது. ஆயினும் அது வழிச்செலவேயன்றிச் சேமிப்பு அன்று.

ஆகையால், வெளியூரிலிருந்து குஞ்சுகளைத் தருவிக்கும் ஏனாத்தூர் அங்கத்தினர், பெட்டி வரும் வேளையை முன்னரே அறிந்து, காஞ்சிபுரத்திற்கே சென்று பெற்றுக்கொள்ளுதல் நலம். பெட்டியை வெயிலில் வைத்தலும், காற்றுத் துளைகளை மறைத்தலும் கூடா.

குஞ்சுக் கூண்டு முன்னதாகவே 95 டிகிரி பாரன்ஹீட் சூடேறியிருத்தல் வேண்டும். பின் வாரந்தோறும் 5 டிகிரி குறைக்கலாம். பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துவிடவேண்டும். நீர் அருந்திய பின்னரே தீனி.

குஞ்சுகள் விளக்கடியில் நெருங்கினால் குளிர். விலகி ஓடினால் மிகுவெப்பம். பரவி மேய்ந்தால் க்ஷேமம். வழியில் பிழைத்த குஞ்சு வீட்டில் மடியலாகாது.